கழற்றவும் கூடாதாம், அடகு வைக்கவும் வேண்டுமாம்

கல்யாண மோதிரம் என்றால் தங்கம். மாத்தளைப் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. எல்கடுவ மலையில் லயத்துப் பையனும் பட்டணத்தில் கடை வைத்திருப்பவரின் மகனும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போகிறார்கள். வெள்ளியில் மாற்றிக்கொள்கிறோம் என்று ஒரு சோடி சொன்னால் பெரியவர்கள் கோபப்படுவதுகூட இல்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று சிரித்துவிட்டு, நகைக்கடைக்குப் போக ஓட்டோ கூப்பிடுகிறார்கள்.

எல்லாரும் ஒத்துக்கொண்ட இந்த முடிவு தவறு என்கிறேன். நிச்சயதார்த்தத்திலும் கல்யாணத்திலும் மாற்றுகிற மோதிரத்தைப் பற்றியே பேச்சு. தாலியும் மெட்டியும் சாட்சிகளாக மட்டும் வந்து போகும்.

எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு எடுத்துவைப்பதே முறை. தங்கம் கறுக்காது, துருப்பிடிக்காது, அறுபது வயதிலும் அதே நிறத்தில் இருக்கும். ஆயுள் முழுக்க நீடிக்க வேண்டிய உறவுக்கு அதைவிடப் பொருத்தமான உலோகம் வேறில்லை. அது மங்கலம், பாட்டன் பூட்டன் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக அது ஏழை வீட்டின் கடைசிக் கையிருப்பு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயை எட்டியபோது வங்கியில் காசு போட்டிருந்தவர் கண்முன்னே அது கரைந்தது. காதிலும் கழுத்திலும் பவுண் வைத்திருந்த பெண் அதை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். அது பொய்யில்லை, மலையகத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. கடைசியாக, கல்யாணம் வாழ்க்கையில் ஒருமுறை. அங்கேயா கஞ்சத்தனம்? ஊர் என்ன சொல்லும்?

பலமான வழக்குத்தான். ஆனால் அவிழ்த்துப் பார்த்தால் ஒரு காரணம் இன்னொன்றின் காலை வாருகிறது.

1. முதலில் விலையைச் சொல்லிவிட்டுப் பிறகு மங்கலம் பேசுவோம். 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்சுக்கு 4,000 டொலரைத் தாண்டியது. அதே மாதம் கொழும்பு செட்டியார் தெருவில் 22 கரட் பவுண், அதாவது எட்டுக் கிராம், மூன்றரை இலட்சத்துக்கு மேலே போனது. மாப்பிள்ளைக்கு அரை, பெண்ணுக்கு அரை என்று வைத்தால் மோதிரச் சோடிக்கு ஒரு பவுண் வேண்டும். செய்கூலியும் சேதாரமும் தனி.

தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் மூன்றரை இலட்சத்துக்கு 260 நாள் பேர், அதாவது முழு நாள் வேலை, விழ வேண்டும். மாதம் 25 நாள் வேலை கிடைத்து, ஒரு நாளும் அரைப் பேராகாமல், அரிசியும் மாவும் வாங்காமல் இருந்தாலும் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். 2026 வரவு செலவுத் திட்டம் அறிவித்த 1,750 ரூபாயை, அரசாங்கத்தின் 200 ரூபாய் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்தே, எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 200 நாள். கொழுந்து பறித்தோ பால் வெட்டியோ இந்தத் தொகையை யாரும் சேர்த்து வைத்து நான் பார்த்ததில்லை. சீட்டை முந்தி எடுக்கிறார்கள், தீபாவளி முற்பணத்தில் கை வைக்கிறார்கள், கிழமைக்குக் கிழமை கட்டுகிற குழுக்கடனில் அக்காள் தங்கச்சி பெயரைப் போடுகிறார்கள். கல்யாணத்தன்று விரலில் மின்னுவது பெரும்பாலும் இன்னும் கட்டி முடிக்காத கடன்.

கையில் இருப்பதைக் கொடுக்க மறுக்கிறவனைக் கஞ்சன் எனலாம். இல்லாததைக் கடன் வாங்க மறுக்கிறவன் மேல் என்ன குற்றம்?

2. ‘தங்கம் சேமிப்பு’ என்பதுதான் இவர்களின் கோட்டை. எனவே அங்கே கொஞ்சம் தங்க வேண்டும்.

கல்யாண மோதிரத்தைக் கழற்றக் கூடாது என்கிறார்கள். கழற்றினால் சகுனப் பிழை, தொலைத்தால் அதைவிடப் பெரிய பிழை. அடுத்த மூச்சிலேயே, அவசரத்துக்கு அடகு வைக்க உதவும் என்கிறார்கள். இரண்டில் எது? கழற்றக் கூடாத பொருள் சேமிப்பாகாது, ஏனென்றால் சேமிப்பின் வேலையே தேவைப்படும்போது கையை விட்டுப் போவதுதான். அடகுக் கடைக்குப் போகலாம் என்றால் அதன் புனிதம் அப்போதே முடிந்தது. ஒரே மோதிரம் உறவின் அடையாளமாகவும் வங்கிப் புத்தகமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பதால் இரண்டு வேலையும் கெடுகிறது. அடகில் மோதிரம் மூழ்கிப்போன வீட்டில் காசு நட்டத்தோடு மனக்கசப்பும் சேர்கிறது. எத்தனை சண்டைகள் அந்த வெறும் விரலிலிருந்து தொடங்குகின்றன என்று லயத்தில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.

சேமிப்பு என்ற அளவிலும் மோதிரம் மட்டமான சேமிப்பு. திருப்பி விற்கும்போது எடைக்குத்தான் காசு. செய்கூலி போனது போனதுதான். நகை சிறிதாக இருக்க இருக்க, விலையில் கூலியின் பங்கு கூடும். தினமும் மண்வெட்டிப் பிடியிலும் பாத்திரத்திலும் உரசுகிற மோதிரம் தேயும். அடகு வைத்தால் முழு மதிப்பும் கைக்கு வராது, வட்டி ஓடும், தவணை தப்பினால் ஏலம். கடனுக்கு வாங்கிய மோதிரத்தை அந்தக் கடனைக் கட்டவே அடகு வைக்கிறவர் ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் வட்டி கட்டுகிறார். இதற்குச் சேமிப்பு என்று பெயர் வைத்தவர் வட்டிக்கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

தங்கம் விழாது என்பதும் சரித்திரம் தெரியாத பேச்சு. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டொலரைத் தொட்டது. அந்த விலையை மறுபடி பார்க்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2011இல் 1,900 டொலர் வரை போய், 2015 கடைசியில் 1,100க்கும் கீழே வந்தது. அந்தச் சரிவு இலங்கையை நேரடியாக அடித்தது. நகையின் மதிப்பைவிட மீட்கும் தொகை அதிகமானதும் அடகு வைத்தவர்கள் மீட்க வரவில்லை, வங்கிகளுக்கே நட்டம். 2014இல் மத்திய வங்கி அடகுக் கடன்களுக்கு உத்தரவாதத் திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வங்கிகளே தடுமாறிய இடத்தில் லயத்துக் குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது?

2022ஐச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் அந்தச் சாட்சியின் பாதி வாக்குமூலத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த வருடம் தங்கம் காப்பாற்றியது யாரை? விலை குறைவாக இருந்த காலத்தில், கடனில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருந்தவர்களை. உச்ச விலையில் வட்டிக்கு எடுத்து வாங்குகிறவருக்கு அந்தக் கதை பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நகை பெண்ணின் காப்பு என்கிறீர்கள். மாப்பிள்ளை விரலில் ஏறுகிற அரைப் பவுண் யாருடைய காப்பு? அநேகமாகப் பெண் வீட்டார் காசில் வாங்கியது, ஆணின் கையில் இருக்கிறது, அவர் நினைத்தால் விற்கலாம். பெண்ணின் எதிர்காலத்தில் உண்மையாகவே அக்கறை என்றால் இரண்டு மோதிரத்தையும் மலிவான உலோகத்தில் செய்யுங்கள். முடிகிற காலத்தில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று தங்க நாணயமாக வாங்கி அவள் பெயரில் பெட்டகத்தில் வையுங்கள். தங்கத்தின் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. அது மோதிர விரலில் இருந்துதான் ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தோடுதான் என் சண்டை.

3. யாருடைய மரபு? நம் பெண்கள் கால்விரலில் போடுகிற மெட்டியைப் பாருங்கள். மணமானவள் என்பதற்கு அது வெளிப்படையான அடையாளம், அதுவோ வெள்ளி. தங்கத்தைக் காலில் போடக் கூடாது என்று தள்ளிவைத்ததும் இதே பெரியவர்கள்தான். அப்படியானால் வெள்ளியில் மங்கலம் இருக்கிறது என்று அவர்களே பல தலைமுறையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வசதியில்லாத வீட்டில் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டித் தாலி என்று ஏற்றதும் இதே மரபுதான். தாலிக்கே மஞ்சள் போதுமாக இருந்தபோது, அதற்குப் பிந்தி நம் வீடுகளுக்குள் வந்த மோதிரம் மாற்றும் சடங்குக்கு மட்டும் 22 கரட் எப்படிக் கட்டாயமாயிற்று?

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சிங்களக் கல்யாணத்தில் போருவை மேடையில் நிற்கும் இருவரின் சுண்டுவிரல்களை நூலால் கட்டித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நூலும் தண்ணீரும்தான் அங்கே சாட்சி. மாத்தளையிலும் உக்குவளையிலும் வாழ்கிற முஸ்லிம் குடும்பங்களில் ஆண்கள் தங்கம் அணிவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. மோதிரம் போடுகிறவர் வெள்ளியில் போடுகிறார். மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்க ஒன்றுமில்லாமல் வந்த ஏழையிடம் ஓர் இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்று நபி சொன்னதாக ஹதீஸ் உண்டு. கிறிஸ்தவச் சடங்கில் மோதிரம் ஆசீர்வதிக்கப்படுகிறது, உலோகம் இன்னதென்று சடங்கு கேட்பதில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, தம் காலத்திலும் நிச்சயித்த பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரத்தையே அனுப்புவதாக எழுதிவைத்தார்.

சட்டத்துக்கும் தங்கம் வேண்டாம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பதிவாளருக்கு வேண்டியது இருவரின் சம்மதமும் சாட்சிகளின் கையெழுத்தும். தமிழ்நாட்டில் அண்ணாதுரை ஆட்சி 1967இல் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியபோது மாலையோ, மோதிரமோ, தாலியோ போதும் என்றது. மோதிரம் எதில் செய்தது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

4. இரும்பா? சனி பிடிக்கும்! எஃகு மோதிரம் என்ற பேச்சை எடுத்ததும் வருகிற பதில் இது. சரி, சீர்வரிசைத் தட்டுகள் எதில் செய்தவை? பெண்ணுக்குக் கொடுத்தனுப்புகிற குடம், சட்டி, கரண்டி, தூக்குச்சட்டி எல்லாம் என்ன உலோகம்? எவர்சில்வர் என்று பெயர் வைத்துவிட்டால் சனி வாசலிலேயே நின்றுவிடுகிறாரா? புதுக்குடித்தனத்தில் மூன்று வேளையும் அந்த எஃகில் சமைத்து, அந்த எஃகில் சாப்பிடுகிறார்கள். விரலுக்கு வந்தால் மட்டும் அது தீட்டு.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இரும்பை இழிவாகப் பேசுவதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சீகிரியாவுக்குப் பக்கத்தில் அலகொலவெவ அருகே, தெஹிகஹ அல கந்த என்ற இடத்தில் தொல்லியலாளர்கள் தோண்டியெடுத்தது ஈராயிரம் வருடத்துக்கு முந்திய இரும்பு உருக்கும் உலைகளை. சீகிரியாவில் காசியப்ப மன்னனின் கோட்டை எழும்பும் முன்பே இங்கே இரும்பு உருகியிருக்கிறது.

5. மாற்று என்றால் எதுவும் மாற்றாகிவிடாது. இதில் எதிர்த்தரப்பின் சந்தேகம் நியாயமானது. மலிவு உலோகம் என்று சொல்லிப் பலர் வாங்கிப் போடுவது தங்க முலாம் பூசிய கவரிங். அதை நானும் எதிர்க்கிறேன். முலாம் தேய்ந்ததும் உள்ளேயிருக்கிற செம்போ பித்தளையோ தோலைப் பச்சையாக்கும். அதைவிட, தங்கம் என்று பிறர் நம்ப வேண்டும் என்பதற்காகப் போடுகிற மோதிரம் பொய்யோடு தொடங்குகிறது. மலிவு உலோகம் தன் நிறத்தில் இருக்கட்டும்.

பெரும்பாலானோருக்கு வெள்ளிதான் என் பரிந்துரை. 925 முத்திரை என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தங்கம் 4,000 டொலரைத் தாண்டிய அதே 2025 அக்டோபரில் வெள்ளியும் அவுன்சுக்கு 50 டொலரைத் தாண்டி ஏறியது. அந்த விலையிலும் எட்டுக் கிராம் வெள்ளியின் உலகப் பெறுமதி நாலாயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது. வரி, கடைக்காரர் இலாபம், பத்தர் கூலி எல்லாம் சேர்ந்து மும்மடங்கானாலும் பத்து நாள் பேர்க்காசுக்குள் அடங்கியிருக்கும். ஊர்ப் பத்தரே செய்வார். விரல் தடித்தால் அவரே வெட்டி ஒட்டிப் பெரிதாக்குவார். குறையும் உண்டு. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். கலேவெல, தம்புள்ளைப் பக்கம் பெரிய வெங்காயம் போடுகிறவர்கள், பொருளாதார மத்திய நிலையத்தில் வெங்காய மூட்டையோடு நாள் போக்குகிறவர்கள் கையில் இன்னும் சீக்கிரம். திருநீற்றைத் தொட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும். சோம்பேறிகளுக்கு வெள்ளி சரிவராது, அவ்வளவுதான்.

கை ஓயாமல் வேலை செய்கிறவருக்கு எஃகு. 316எல் என்று கேட்டு வாங்க வேண்டும். கத்தி, கரண்டிக்கு வருகிற எஃகைவிட உப்பையும் வியர்வையையும் தாங்கும், கறுக்காது. ஆனால் அதில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நிக்கல் உண்டு. மலிவுத் தோடு போட்டாலோ கைக்கடிகார வார் பட்டாலோ தோல் அரிக்கிறவர் அதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு டைட்டேனியம் நல்லது. தோலோடு சண்டை போடாது, சுத்தத் தங்கத்தின் கால் பங்கு எடைகூட இல்லை. டைட்டேனியத்தின் குறை, அளவு மாற்றுவது அநேகமாக முடியாது. டங்ஸ்டன் கார்பைடு கீறல் விழாது என்று விற்கிறார்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கல்லில் விழுந்தால் உடையும். விரல் வீங்கிய நேரத்தில் சாதாரண மோதிரம் வெட்டும் கருவி அதில் ஏறாது, குறடால் நெரித்து நொறுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் நிற்கிறவர் எந்த உலோகமானாலும் வேலை நேரத்தில் கழற்றத்தான் வேண்டும். அங்கே ‘கழற்றக் கூடாது’ என்ற சாத்திரம் விரலையே கேட்கும்.

மஞ்சள் நிறம் இல்லாமல் முடியவே முடியாது என்றால் 9 கரட் இருக்கிறது, நூற்றுக்கு 37.5 பங்கு தங்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் கல்யாண மோதிரத்துக்கு அரசாங்கம் விட்டுவைத்தது அதைத்தான்.

6. பத்தர்கள் வயிற்றில் அடிக்கிறீர்களே என்பார்கள். இது வெறும் வார்த்தையில்லை. 1963இல் இந்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 கரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார். பொற்கொல்லர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, தற்கொலைகள் நடந்தன, மக்களின் தங்க ஆசை மட்டும் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. அதனால்தான் தடையையோ சட்டத்தையோ நான் கேட்கவில்லை. ஆனால் இந்த விலையில் பத்தருக்கு வேலை குறைவது வெள்ளியாலா, தங்கத்தாலா? மூன்றரை இலட்சத்தில் பெரும்பங்கு உலோகத்துக்கே போய்விடுகிறது, கூலி என்றதும் வாங்குகிறவர் பேரம் பேசுகிறார். வெள்ளி மோதிரத்தில் விலையின் பெரும்பங்கே கைவேலைதான். பெயர் பொறித்து, கொடி வேலை செய்து கொடுக்கத் தெரிந்த பத்தருக்கு அங்கேதான் மதிப்பு.

7. ஊர் என்ன சொல்லும்? மற்ற எல்லா வாதமும் விழுந்த பிறகு மிச்சமிருப்பது இது ஒன்றுதான். உண்மையில் தொடக்கத்திலிருந்தே இருந்ததும் இது ஒன்றுதான். ஊர் சொல்லத்தான் செய்யும். அரைப் பவுண் போட்டால் ஒரு பவுண் போடவில்லை என்று சொல்லும், ஒரு பவுண் போட்டால் மாப்பிள்ளைச் சங்கிலி எங்கே என்று கேட்கும். மண்டபத்தில் பேசுகிற ஊர், கிழமைக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கிற காலையில் கதவைச் சாத்திக்கொள்ளும்.

பெண்ணும் பையனும் தீர்மானித்த பிறகும் தங்கமே வேண்டும் என்று பெரியப்பாவோ மாமாவோ ஒற்றைக்காலில் நின்றால், அவர்களோடு மரபு பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடன் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “மாமா, பிணைக்காரர் கையெழுத்து இந்த இடத்தில்” என்று பேனையை நீட்டுங்கள்.